கன்னியம்மாவுக்காக நான் வைத்த கைநாட்டு

டாக்டருக்கு ஜீப் ஓட்டுகிறவனுக்கு, ஓட்டுவதுதான் இருப்பதிலேயே சின்ன வேலை. ஸ்ட்ரெச்சர் தூக்குவது, மாமியார்களிடம் திட்டு வாங்குவது, கடைசியில் டாக்டரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வது எல்லாம் சம்பளத்தோடு சேர்த்திதான். என்னைப் போல ஓட்டியவர்களுக்குப் புரியும். எழுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மாவிடம் நான் பட்டது இது.

குப்பத்தில்

மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். கன்னியம்மாவுக்கு முதல் பிரசவம், இரண்டு நாளாக வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்றார் டாக்டரம்மா. புருஷன் கடலுக்குப் போயிருந்தான். அவன் வராமல் அனுப்ப முடியாது என்று மாமியார் ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் ஹாரன் அடித்தேன், அசையவில்லை. அம்மா இறங்கிப் போய் மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீயும் கூட வா, உன் மருமகளை நீயே பார்த்துக்கோ" என்றார். கிழவி மணலை உதறிக்கொண்டு ஏறி என்னை அதட்டினாள்: "இன்னாய்யா பார்த்துகினு கீற? வண்டிய எடு!"

ஆபீஸில்

ஆம்பளை கைநாட்டு இல்லாமல் ஆபரேஷன் கிடையாது என்றார் ஆஸ்பத்திரி குமாஸ்தா. நேரமாகிக்கொண்டிருந்தது. நான்தான் அண்ணன் என்று சொல்லி, அவர் நீட்டிய இரண்டு தாள்களிலும் கட்டைவிரலை அழுத்தினேன். எனக்கோ எழுத்து தெரியாது. அம்மா வந்து வாங்கிப் பார்த்தார். இரண்டாவது தாள் கருத்தடை ஆபரேஷனுக்கு. அதற்கு ஆள் சேர்க்கச் சொல்லி மேலிருந்து நெருக்கிய காலம் அது. முதல் பிள்ளையே இன்னும் பிறக்காதவளுக்கு! அம்மா இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து வார்டே பார்க்க என்னைக் கேட்டார்: "அவ வயித்துக்குக் கைநாட்டு வைக்க நீ யாருய்யா?"

திரும்பும்போது

குமாஸ்தாவுக்கு அறைக்குள் திட்டு, எனக்கு மட்டும் எல்லார் முன்னாலும். இதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அம்மா புதுத் தாள் ஒன்றை எடுத்துப் போய், எங்கே கீறுவோம், ஏன் கீறுவோம் என்று கன்னியம்மாவிடமே சொன்னார். வலிக்கு நடுவில் அவளே கைநாட்டு வைத்தாள். பெண் குழந்தை; இரண்டு பேரும் பிழைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் விடும்போது, "உனக்காகத்தானே வச்சேன், தங்கச்சி" என்று ஆதங்கப்பட்டேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "நான் உசுரோடதான இருந்தேன், அண்ணாத்த? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

அதற்குப் பிறகுதான், படிக்காமல் எந்தத் தாளிலும் விரல் வைக்கக் கூடாதென்று அம்மா நடத்திய மாலை வகுப்பில் போய் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன், ஆனால் அவர் மேல் கோபம் கோபம்தான்.