மூன்றாவது வரியில் ஒரு பிசகு

தையல்காரரின் மனைவிக்கு முப்பது வருஷமாக அந்த ஒரு பாட்டின் மூன்றாவது வரி வரவேயில்லை. பிரார்த்தனைக் கூடத்துப் பாட்டுக் குழுவுக்குத் தையல்காரர்தான் தலைவர். அந்த வரியில் குரல் மேலே ஏறும் இடத்தில் அவள் தடுக்கி விழுவாள். உடனே, "நிறுத்துடி! தகர டப்பாவை உருட்டாதே!" என்று எல்லோர் முன்னாலும் கத்துவார். குழு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். பொத்தானுக்குக் காஜா எடுப்பதைக்கூடக் கும்பிடுவது போலச் செய்கிற மனுஷன். கடவுளுக்குக் கோணல் தையல் கொடுக்கலாமா என்பார்.

இப்போது அவருக்கு ஊசி எது, நூல் எது என்று தெரியாது. அவளையும் தெரியாது. பாடினால் மட்டும் வாய் திறப்பார். வரிக்கு ஒரு கரண்டி கஞ்சி. இரண்டு வருஷம் அப்படிப் பாடிப் பாடியே மூன்றாவது வரி அவளுக்கு வசப்பட்டுவிட்டது. சபாஷ் போடத்தான் ஆள் இல்லை. அவர் உடம்பைத் துடைப்பதும், பொத்தான் போட்டுவிடுவதும், நகம் வெட்டுவதும்தான் அவளுடைய வழிபாடு.

போன வாரம் குளியலறையில் அவரைத் தாங்கப் போய் இருவரும் விழுந்தார்கள். அவள் இடுப்பு போயிற்று. நாத்தனார் ஓடி வந்து முதியோர் காப்பகத்தில் அவருக்கு இடம் பிடித்தாள்.

"அண்ணி, வண்டி பத்து மணிக்கு வருது. அண்ணனுக்கு நீங்க யாருன்னே தெரியல. யாருக்காக இந்தப் பாடு?"

"ஒரே ஒரு தடவை என்னைத் திட்டினாப் போதும். நான் அனுப்ப மாட்டேன்."

"அடேங்கப்பா! திட்டு வாங்க இப்படி ஏங்குற பொண்டாட்டிய இப்பத்தான் பாக்கறேன்" என்ற நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனின் துணிப் பெட்டியை மூடினாள்.

மனைவி கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் எதிரே உட்கார்ந்தாள். முதல் வரிக்கு வாய் திறந்தார். இரண்டாவதற்கும் திறந்தார். மூன்றாவதில், மேலே ஏற வேண்டிய இடத்தில், வேண்டுமென்றே கீழே இறங்கினாள். பழைய தகர டப்பாவை நன்றாகவே உருட்டினாள். கடவுளே, மன்னிச்சுக்கோ, இது உனக்காகப் பாடினதில்லை.

அவர் புருவம் நெளிந்தது. உதடு துடித்தது.

"சொல்லுங்க... நிறுத்துடின்னு சொல்லுங்க!"

வாய் திறந்தது. சொல் எதுவும் வரவில்லை. கஞ்சிக்காகத் திறந்த வாய், அப்படியே காத்திருந்தது.

வாசலில் ஹாரன் அடித்தது.

"அண்ணி, வண்டி வந்தாச்சு."

"இருக்கச் சொல்லு. இன்னும் நாலு கரண்டி இருக்கு."

அந்தக் கரண்டியை ஊட்டினாள். முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். பிறகு அதே மூன்றாவது வரியை, ஒரு பிசகும் இல்லாமல், மேலே ஏற்றிப் பாடினாள்.