பதினொரு மாதம் ஊரில், ஒரு மாதம் இங்கே

என் மாமியார் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் முப்பது வருடம் லேபிள் ஒட்டியவர். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கணவர் போன பிறகு அந்த வேலையை வைத்தே என் மனைவியை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். மனைவிக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததும் அத்தைக்குக் கிரீன் கார்டு வாங்கினோம். இரண்டு வருடம் எங்களோடு சந்தோஷமாகவே இருந்தார்.

பிறகு ஊரில் அவருடைய தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பிய அத்தையால் அவரை விட்டு வர முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கார்டு செல்லாமல் போகும் என்பதால், பதினோராவது மாதம் வந்து, மூன்று நான்கு வாரம் தங்கிவிட்டுத் திரும்பிப் போவார். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரம்மா தம்பியைப் பார்த்துக்கொள்வார்.

மூன்றாவது முறை நானும் ஊருக்குப் போய் அவருடன் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் கேட்டால், மகள் வீட்டில்தான் இருக்கிறேன், தம்பியைப் பார்க்கப் போய்வந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் என விமானத்தில் நாலு தடவை சொல்லிக் கொடுத்தேன். அத்தை தலையாட்டிக்கொண்டார்.

குடியேற்ற அதிகாரி எங்களை உள் அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த அதிகாரி போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். கடந்த வருடம் எத்தனை மாதம் இந்த நாட்டில் இருந்தீர்கள் என்பது முதல் கேள்வி.

"ஒரு மாசங்கூட முழுசா இல்லய்யா" என்றார் அத்தை. "என் தம்பி கைகால் விளங்காமக் கெடக்கான். சோறூட்ட ஆளில்ல. அவன் எந்திரிச்சு நடந்துட்டா இங்கன வந்து மக கூட இருப்பேன். அதுவரைக்கும் ஆகாதுன்னா சொல்லுங்க, திரும்பிப் போறேன்."

கார்டை ஒப்படைக்கும் படிவத்தை நீட்டப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அதிகாரி கொஞ்ச நேரம் கணினியைப் பார்த்தார். இது இங்கே வாழ்கிறவர்களுக்கான கார்டு, நீண்ட நாள் வெளியே இருக்க வேண்டுமென்றால் மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும், அது இல்லாமல் அடுத்த முறை வராதீர்கள் என்றார். பிறகு உள்ளே விட்டார்.

காரில் ஏறியதும் நான் சொல்லிக் கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாப்ள, நீங்க சொன்னது ஞாபகம் இருந்துச்சு. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல வரல. தப்பா எடுத்துக்காதீக."

நாட்டுக்குள் இருக்கும்போதுதான் அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பித்து, கைரேகை கொடுக்கும் நாளுக்காக ஆறு வாரம் காத்திருந்தோம். அத்தை தினமும் வீடியோவில் தம்பியைக் கூப்பிட்டு, பக்கத்து வீட்டுக்காரம்மாவைப் பிடித்துக்கொண்டு இன்று எத்தனை அடி வைத்தாய் என்று கேட்பார். கைரேகை எடுக்கும் இடத்தில் இயந்திரம் அவர் விரல்களை ஏற்கவில்லை. பசையிலும் காகிதத்திலும் தேய்ந்த விரல்கள். அத்தை என்ன வேலை பார்த்தார் என்று அங்கிருந்த பெண் கேட்க, நான் சொன்னேன். அவள் ஈரத்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்து, நான்காவது முயற்சியில் எடுத்தாள். அத்தை அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

இரண்டு வருட அனுமதி கிடைத்தது. ஊருக்குப் போனவர், தம்பியைத் தோளில் சாய்த்து முதலில் வாசல் வரை, பிறகு தெருமுனை வரை, கடைசியில் டீக்கடை வரை நடக்க வைத்தார். ஒண்ணரை வருடத்தில் தம்பி கம்பு ஊன்றித் தனியாக நடந்தார், சோறு பொங்கினார். இனி கிளம்பு என்று அக்காவிடம் சொன்னதும் அவர்தான்.

அனுமதி முடிய நாலு மாதம் இருக்கும்போதே அத்தை தனியாக வந்து இறங்கினார். விமான நிலையத்தில் அதிகாரி, தம்பி எப்படி இருக்கிறார் என்றெல்லாம் கேட்கவில்லையாம், அனுமதித் தாளைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டாராம். அதில் அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம். சொல்வதற்கு நல்ல பதில் வைத்திருந்தாராம்.