முப்பத்து நான்காவது நிமிடம்

நம்ப முடியாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பொலிவியாவில், சாந்தா ஆனாவிலிருந்து திரினிதாத் நகரத்துக்கு நூற்று முப்பது கிலோமீட்டர். என் சின்ன விமானத்தில் முப்பத்தைந்து நிமிடம். பதினோரு வருடமாக மாட்டிறைச்சியும் ஆட்களும் ஏற்றிப் பறந்த தடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன் என்று பீற்றிக்கொள்வேன். வாய்க்கொழுப்பு! அந்த ஆகஸ்டில் மேய்ச்சல் நிலங்களுக்கு வைத்த தீ, புகையாலேயே எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டது. மூன்று நாளாக ஒருவரும் பறக்கவில்லை.

நான்காம் நாள் நிக்கானோர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். டெல்மீரா, எட்டு வயது. விரியன் கடித்த கால் தொடைவரை வீங்கியிருந்தது. மருந்து திரினிதாதில்தான் இருந்தது.

"புகையில ஓடுதளமே தெரியாதேப்பா."

"முப்பத்தஞ்சு நிமிஷந்தானே கேப்டன்… அதுவரைக்கும் எம்புள்ள தாங்கும்."

மாலை 4.10. கிளம்பினோம்.

புகையில் விமானிகளான எங்களுக்குக் கடிகாரம்தான் கண். ஒருவரோடொருவர் மோதிவிடாமல் இருக்க, எத்தனையாவது நிமிடத்தில் பறக்கிறோம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போவோம்.

"நிமிஷம் இருபது" என்றேன்.

க்ர்ர்ர்… "நிமிஷம் முப்பத்து நாலு" என்றது ஒரு கம்மிய குரல். முன்னால் யாரோ போகிறார்கள். கொஞ்சம் தெம்பு வந்தது.

"நிமிஷம் இருபத்தேழு."

"நிமிஷம் முப்பத்து நாலு."

ஏழு நிமிடம் கழித்தும் அதே முப்பத்து நாலா?

"அண்ணே, தளத்தப் பாத்தீங்களா?"

"இல்ல… எங்கிட்டயும் ஒரு பொண்ணு இருக்கா. பாம்பு கடிச்ச பொண்ணு."

பின்னால் டெல்மீராவின் ஈறில் ரத்தம் கசிந்தது. நிக்கானோர் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கேப்டன்… சீக்கிரம்…"

4.44. எனக்கும் முப்பத்து நான்காவது நிமிடம்.

கீழே மாமோரே ஆறு தெரிய வேண்டும். தெரியவில்லை. தவறவிட்டேனா? இடப்பக்கம் திரும்பித் தேடப் போனேன்.

க்ர்ர்ர்…

"திரும்பாத. நான் திரும்பினேன்."

கை நின்றுவிட்டது.

"உங்க… பொண்ணு?"

"மூச்சு நின்னுருச்சு. அவ அப்பன் இன்னும் தொடச்சுக்கிட்டே இருக்கான்."

நேராகவே விட்டேன்.

பத்து நொடி…

இருபது…

ஓடுதள விளக்கு!

டெல்மீரா பிழைத்தாள். இன்றும் லேசாகக் காலைத் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள்.

மறுநாள் அந்த விமானியைத் தேடிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குப் போனேன். அன்று வானத்தில் இருந்தது நான் மட்டும்தான் என்றார் அங்கே வேலை பார்த்த செஃபெரினோ. நம்பாமல் ஒலிப்பதிவைப் போடச் சொன்னேன்.

"நீங்களே கேக்குறீங்க, நீங்களே பதில் சொல்றீங்க. புகை தலைக்கேறிடுச்சா கேப்டன்?" என்று சிரித்தார்.

இரண்டும் என் குரல்.

பதிவு அதோடு நிற்கவில்லை. 5.10க்கு நான் மருத்துவமனையில் நிக்கானோரின் பக்கத்தில் நின்றிருந்தேன். அதே 5.10க்கு, ரேடியோவில், என் குரல் அழுதுகொண்டே கேட்டது.

"அவ அப்பன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"