மஞ்சள் மழைக்கோட்டு

போன வாரம் வாழவந்தி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். நல்ல மழை. எதிர் வளைவில் முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் மழைக்கோட்டு. கிட்டே வந்த பிறகுதான் உள்ளே இருப்பது எங்களோடு எஸ்டேட்டில் வேலை பார்த்த மாரமங்கலத்து அக்கா என்று தெரிந்தது. கோட்டுக்கு வயது முப்பதுக்குக் குறையாது. தோள்பட்டையில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தார். எங்கள் எஸ்டேட் துரை ஆட்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்ததில், எனக்குத் தெரிந்து, மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சேலத்துக்காரர், என்னைவிடக் கறுப்பு. காப்பி எஸ்டேட்டில் மானேஜர் என்றால் துரை, அவ்வளவுதான். நான் அவரிடம் ரைட்டராக இருந்தேன்; வேலைக்கு வரும் ஆட்களுக்குப் பேர் போடும் கணக்கு வேலை. தங்கமான மனுஷன்; மான் வேட்டை ஒன்றுதான் அவரை விட்டுப் போகாத கெட்ட பழக்கம். அப்போதே அதற்குத் தடை உண்டு. அதனால்தான் மழை நாளாகப் பார்த்துக் கிளம்புவார். காலடியில் சருகு நொறுங்காது, வெடிச் சத்தமும் தூரம் போகாது. தாத்தா காலத்து ரைபிளை எண்ணெய்த் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போலத் தூக்கி வருவார். எனக்குக் கண் கூர்மை என்று கூட்டிப் போவார். எனக்கும் மான்கறி ஆசை இருந்தது. இல்லை என்றால் பொய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல மழை. ஓடைக்கு அந்தப் பக்கம், புதருக்குள் பழுப்பாக ஒரு முதுகு. நிமிர்ந்தது, நகர்ந்தது, மறுபடி மேய்வதுபோலக் குனிந்தது. கடமான் என்று கை காட்டினேன். துரை நிதானமாகக் குறி வைத்து விசையை அழுத்தினார். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. தோட்டா ஈரம் குடித்திருந்ததோ, வயதாகிவிட்டதோ. அவர் அடுத்த தோட்டாவைத் தேடும்போது அந்த முதுகு நிமிர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது.

கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அக்கா காளான் பறித்துக்கொண்டிருந்தார். மழைக்கு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அந்தச் சாக்குதான். தினமும் அந்தச் சாக்குகளைப் பார்த்துத்தான் நான் பேர் எழுதுவேன்.

"ரைட்டருங்களா? துரையும் வந்திருக்கீங்களா? மான் ஏதாச்சும் ஆப்புட்டுச்சுங்களா?"

துரை, "இல்லம்மா" என்றார். நொம்ப நாளைக்கு அப்புறம் முளைத்திருக்கிறது, ஊட்டுக்குக் கொண்டு போங்க என்று அக்கா பாதிக் காளானை இலையில் வைத்து நீட்டினார். துரை இரண்டு கையாலும் வாங்கினார்.

பாதி வழியில் துரை நின்றார். பிறகு சொன்னார்: "கை காட்டுனது நீயா இருக்கலாம். குறி வெச்சது நான். நீ மறந்துடு."

மறுநாளே ரைபிளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டார். அடுத்த மழைக்கு எஸ்டேட் முழுக்க மஞ்சள் கோட்டு வந்தது. கறுப்பு என்றால் அழுக்குத் தெரியாதே என்று நான் சொன்னதற்கு, மஞ்சள்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சாயம் பூசின கோழிக்குஞ்சு என்று ஆட்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். துரை மட்டும் சாயங்காலம் பங்களாப் படியில் நின்று, சரிவில் இறங்கும் ஒவ்வொரு கோட்டையும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருப்பார்.

இப்போது அவர் இல்லை.

"மகராசன். நாம நனையக் கூடாதுன்னு எத்தன கரிசனமுங்க அவருக்கு" என்று, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் அக்கா கோட்டைத் தடவிக்கொண்டார்.

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. "ஆமாங்கக்கா" என்றேன்.

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். பின் கண்ணாடி வழியே பார்த்தேன். மழையில் மரமும் ரோடும் ஒன்றாகக் கலந்து மறைந்த பிறகும் அக்கா தெரிந்தார்.