அண்ணனோட தலை அளவு

அண்ணா.

பேரு சொல்லி கூப்புடலாம்னு தான் ஒக்காந்தேன், வாய் வரல. நீ இருந்தப்பயே உன் பேர நான் சொன்னது இல்ல, சொன்னா அம்மா மொறைக்கும். இப்ப மட்டும் எப்பிடி வரும். அதனால அண்ணான்னே கூப்புடுறேன். அண்ணா, நான் ஹெல்மெட் வாங்கிட்டேன்.

மத்தவங்களுக்கும் சொல்லிடுறேன். எங்க வீடு போலாரத்துல, தெலுகு பேசுற ஊரு. அம்மா, அண்ணன், நான், மூணே பேரு. நான் எட்டாவது வரைக்கும் தான் படிச்சேன், அதுவும் தெலுகு மீடியம். தமிழ் எழுத்து அம்மா கத்துக்குடுத்தது, தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. லோத்குண்டாவுல ஒரு டெய்லர் கடையில வேல செய்யிறேன். மிலிட்டரிக்காரங்க யூனிஃபாரம், ஸ்கூல் பசங்க யூனிஃபாரம் தைக்கிற கடை. அளவு எடுக்கறது என் வேல. அண்ணன் என்னை விட நாலு வருசம் பெருசு, ஸ்கூட்டர்ல பார்சல் குடுக்கற வேல செஞ்சிகினு இருந்துச்சு. எட்டு மாசம் ஆவுது அது போயி.

காலையில பத்து மணி இருக்கும். வீட்டுக்கு ரொம்ப தூரம் கூட இல்ல. வளைவுல மணல் கொட்டி இருந்துச்சு, குறுக்க ஒரு நாய் ஓடி வந்துச்சுன்னு பாத்தவங்க சொன்னாங்க. வண்டிக்கு ஒன்னும் பெருசா ஆவல. அண்ணனோட தலை ரோட்டோர கல்லுல மோதிடுச்சு. ஹெல்மெட்டு எங்கியோ செடிக்குள்ள கெடந்துச்சாம். ஸ்டேசன்ல அத ஒரு கவர்ல போட்டு குடுத்தாங்க. ஒரு கீறல் கூட இல்ல. தாடைக்கு கீழ மாட்டுற ஸ்ட்ராப்பு லாக் ஆனபடியே இருந்துச்சு.

லாக் ஆன ஹெல்மெட்டு தலைய விட்டு எப்பிடி கழண்டு வரும்? எல்லாரும் அழுதுகினு இருந்தப்ப நான் இத தான் யோசிச்சிகினு இருந்தேன். கல்லு மனசுக்காரின்னு கூட சில பேரு நெனச்சிருப்பாங்க. ஆனா எனக்கு யோசிக்க காரணம் இருந்துச்சு. அந்த ஹெல்மெட்டுக்கு அளவு எடுத்தது நான்.

அன்னிக்கு நான் வீட்டு மிசின்ல ஒக்காந்து பட்டன் ஓட்டைக்கு காஜா தைச்சிகினு இருந்தேன். அண்ணன் போன நீட்டிகினு வந்துச்சு.

"ஏய், டேப்ப எடு. என் தலைய அள. ஆர்டர் போடணும்."

"இன்னாத்துக்கு?"

"ஹெல்மெட்டு. உள்ளாற இன்னா இருக்குதுன்னு அளக்க சொல்லல, வெளிய அளந்தா போதும்."

"உள்ளாற அளக்க டேப்பே வேணாம், ஒரு பட்டன் போதும்"னு சொல்லிகினே அளந்தேன். புருவத்துக்கு மேல வெச்சி, பின்னாடி புடைச்சிகினு இருக்கற எடத்துல சுத்தி. இருவத்திரெண்டே முக்கால் இன்ச்சு. பழக்கத்துல அளவு நோட்டுல எழுதி வெச்சேன், "அண்ணா தலை 22¾"ன்னு. அதுக்கிட்ட சொல்லும்போது இருவத்திநாலுன்னு சொன்னேன்.

ஏன்னா நாங்க அப்பிடி தான். ஒடம்பு அளவு ஒன்னு, தைக்கிற அளவு ஒன்னு. மாருக்கு நாலு இன்ச்சு லூஸ் விடுவோம், இடுப்புக்கு கொஞ்சம், கைக்கு கொஞ்சம். லூஸ் விடலன்னா கைய தூக்கும்போது அக்குள்ல கிழியும். அண்ணனுக்கு முடி அடர்த்தி, தலை முழுக்க வேர்க்கும். காத்து வரட்டுமேன்னு தான் ஒன்னேகால் இன்ச்சு விட்டேன். ஆசையா விட்டேன். அண்ணன் போன்ல இருக்கற சார்ட்ட பாத்து எக்ஸ்எல் போட்டுச்சு. வந்ததும் மாட்டி பாத்துட்டு, "சூப்பர், தொப்பி மாதிரி இருக்குது"ன்னு சொல்லுச்சு. எனக்கு பெருமையா இருந்துச்சு.

அம்மாவுக்கு இது தெரியாது. அம்மா எட்டு மாசமா போனத்தான் திட்டுது. "கண்ணால பாக்காத சாமான போன்ல வாங்குனா இப்பிடி தான்"னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லும். நான் பக்கத்துல ஒக்காந்து டீ குடுத்துகினு இருப்பேன். வாய தொறந்தது இல்ல.

போன மாசம் கடையில எனக்கு வீட்டுக்கே போயி அளவு எடுக்கற வேலய குடுத்தாங்க. வண்டி வேணும். அண்ணன் ஓட்ட கத்துக்குடுத்து தான் இருந்துச்சு. சாவி அண்ணன் போட்டோ மாட்டுன ஆணியிலயே தொங்குது. கேட்டேன். அம்மா அண்ணன் போட்டோவ பாத்துச்சு. அப்புறம், "கழண்டு வராத ஹெல்மெட்டா கொண்டா. நான் இழுத்து பாப்பேன். வந்துச்சுன்னா சாவி ஆணியிலயே இருக்கட்டும்"னு சொல்லுச்சு.

ஞாயித்துக்கெழம குஷாய்குடாவுக்கு பஸ் ஏறுனேன். கட்டப்பையில அண்ணன் ஹெல்மெட்டு, இன்ச் டேப்பு, அளவு நோட்டு. புதுசு வாங்கறது ஒரு வேல. பழசு ஏன் கழண்டுச்சுன்னு தெரிஞ்சிக்கறது இன்னொரு வேல. எது முக்கியம்னு கேட்டா ரெண்டாவது தான்.

ஹெல்மெட்டு கடையில ஒரு அக்கா இருந்துச்சு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், தெலுகுக்காரங்க. தமிழும் வருது, பக்கத்து வீட்டுல எல்லாம் தமிழுக்காரங்களாம். நான் ஒவ்வொரு ஹெல்மெட்டையா கவுத்து, உள்ள கைய விட்டு, பஞ்ச அமுக்கி, தையல பாத்துகினு இருந்தேன். கன்னத்து பஞ்சு பட்டன்ல கழட்டி மாட்டுறாப்புல இருந்துச்சு. ஷோல்டர் பேடு மாதிரியே. அத ஒன்ன பிச்சி கையில வெச்சிகினு இருந்தேன்.

"ஏம்மா, நீ ஹெல்மெட் வாங்க வந்தியா, பிளவுஸ் வாங்க வந்தியா?"

"டெய்லருக்கா நான்."

"ஹவ்? அப்பிடியா? அதான் உள்பக்கமே பாக்குற. எல்லாரும் கலர் தான் கேப்பாங்க."

பஞ்சுக்கு உள்ள கையால அமுக்குனா கெட்டியா ஒன்னு இருந்துச்சு. அது இன்னான்னு கேட்டேன். டிவி பெட்டிக்குள்ள வர்ற வெள்ள தெர்மாகோலு மாதிரி தானாம், ஆனா கெட்டி. அடி விழுந்தா அது நசுங்கி, தலைக்கு வர்ற அடிய வாங்கிக்குமாம். அப்ப இந்த மெத்து பஞ்சு எதுக்குன்னு கேட்டேன். "அது ஒக்காத்தி வெக்கறதுக்கு"ன்னு சொல்லுச்சு. சட்டையில லைனிங் கொடுக்கறாப்புலன்னு நெனச்சிகினேன்.

என் தலை இருவத்தொன்னே முக்கால். சின்ன சைஸுல ஒன்னு எடுத்து குடுத்துச்சு. ரெண்டு ஸ்ட்ராப்பையும் ரெண்டு கையால விரிச்சி பிடிச்சி தான் தலைய உள்ள நொழைக்க முடிஞ்சுது. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி முன்னாடி வந்துச்சு. பேசுனா உள்கன்னம் பல்லுல மாட்டுச்சு.

"டைட்டா இருக்குதுக்கா. ஒரு சைஸு பெருசு குடுங்க."

"நக்கோ, வேணாம். டைட்டா தான் இருக்கணும். பஞ்சு பத்து பதினஞ்சு நாளுல அமுங்கும், அப்ப லூசாயிடும். இப்பவே சுகமா இருந்தா அப்புறம் ஆடும்."

நாங்க துணி சுருங்கும்னு லூஸ் விடுவோம். இது விரியும்னு டைட்டா எடுக்கணும். நேர் உல்டா.

பதினஞ்சு நிமிசம் கழட்டாம ஒக்காருன்னு ஸ்டூல் போட்டுச்சு. ஹெல்மெட்டோட ஒக்காந்துகினு இருந்தேன். ஒரு புருசன் பொண்டாட்டி வந்தாங்க. அந்தாளு, "பின்னாடி ஒக்காரறதுக்கு ஏதோ ஒன்னு குடு, போலீசு போட்டோ எடுத்து ஃபைன் போடாம இருந்தா போதும்"னாரு. அந்தம்மா என்னை பாத்து, "அது எதுக்கு கடைக்குள்ளயே மாட்டிகினு இருக்குது?"ன்னு கேட்டாங்க. கடைக்காரக்கா, "அது தலைக்கு வாங்குது. உங்க வீட்டுக்காரரு போலீசுக்கு வாங்குறாரு"ன்னு சொல்லுச்சு. அந்தம்மா சிரிச்சிட்டாங்க, அப்புறம் புருசன பாத்தாங்க, அப்புறம் இன்னொரு ஸ்டூல் இருக்குதான்னு கேட்டாங்க.

பதினஞ்சு நிமிசத்துல எனக்கு நெத்தியில ஒரே எடத்துல வலிச்சுது. கழட்டுனா செவப்பா ஒரு கோடு. ரெண்டு காதுக்கு மேல மட்டும் வெரலு போற மாதிரி காலியா இருந்துச்சு. அதே சைஸுல வேற ஒன்னு மாட்டுனேன், அது எல்லா பக்கமும் ஒரே மாதிரி புடிச்சிது, வலி இல்ல. அளவு ஒன்னு தான், ஆனா எனக்கு நீட்டு தலை, மொத ஹெல்மெட்டு உருண்ட தலைக்கு செஞ்சது. ஒரே மாரு அளவு இருக்கற ரெண்டு பேருக்கு ஒரே சட்ட பொருந்தாதே, அந்த மாதிரி. இதெல்லாம் எனக்கு தெரிஞ்ச வெசயம் தான், தலைக்கும் இது உண்டுன்னு தான் தெரியல.

அக்கா ஸ்ட்ராப்ப மாட்டி, தாடைக்கு கீழ ரெண்டு வெரலு போற அளவுக்கு இழுத்துச்சு. பின்னாடி அடிப்பக்கம் கைய வெச்சி மேல தூக்கி முன்னாடி உருட்டுச்சு. என் தலையும் சேந்து போச்சு. கழுத்து வலிச்சுது. ஹெல்மெட்டு வரல.

அப்ப தான் கட்டப்பையில இருந்து அண்ணனோடத எடுத்தேன். மூஞ்சி தொறந்த மாடலு.

"இது யாருது?"

"அண்ணனுது. அண்ணன் இப்ப இல்ல."

அக்கா கைய பின்னாடி இழுத்துகிச்சு. நான் அளவு நோட்ட பிரிச்சி காமிச்சேன். என் துப்பட்டாவ தலையில சுத்துனேன், டேப்பு வெச்சி பாத்து பாத்து சுத்துனேன், இருவத்திரெண்டே முக்கால் வர்ற வரைக்கும். அதாவது அண்ணன் தலை ஆவற வரைக்கும். அப்புறம் அந்த ஹெல்மெட்ட எடுத்து, ஸ்ட்ராப்பு லாக்க தொடாம அப்பிடியே மாட்டுனேன். தொப்பி மாதிரி எறங்குச்சு. அண்ணன் சொன்ன மாதிரியே.

"உருட்டுங்கக்கா."

"வேணாம்மா."

"உருட்டுங்க."

ஒரே தள்ளு. மூக்குல இடிச்சிகினு என் மடியில வந்து விழுந்துச்சு. லாக் லாக்காவே இருந்துச்சு.

ஸ்ட்ராப்ப ரெண்டு வெரலு அளவுக்கு டைட் பண்ணி இன்னொரு தடவ பண்ண சொன்னேன். இந்த தடவ பின்னாடி தூக்கிச்சு, கண்ண மறச்சிது, ஆனா தாடையில மாட்டி நின்னுச்சு, கீழ விழல. அப்ப ஸ்ட்ராப்ப லூசா விட்டது அண்ணன். லாக் பண்ணியே வெச்சி தொப்பி மாதிரி மாட்டுற பழக்கம். அந்த பழக்கம் எப்பிடி வந்துச்சுன்னு யோசிச்சேன். இப்ப நான் மாட்டுனேனே, அந்த மாதிரி டைட்டா இருந்தா ரெண்டு கையால ஸ்ட்ராப்ப விரிக்காம தலை உள்ளயே போவாது. லாக் பண்ணி வெச்சிகினு மாட்டவே முடியாது. நான் விட்ட லூஸு தான் அண்ணனுக்கு அந்த பழக்கத்த குடுத்துச்சு. பாதி அண்ணன், பாதி நான். இல்ல, பாதிக்கு மேல நானு. அத அளக்க டேப்பு இல்ல.

அக்கா தண்ணி குடுத்துச்சு. "கேட்டாங்கன்னு நானும் எத்தன பேருக்கு ஒரு சைஸு பெருசா குடுத்துருக்கேன் தெரியுமா"ன்னு சொல்லுச்சு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். நோட்ட காமிச்சேன். இருவத்திரெண்டே முக்கால் அளந்தேன்மா, இருவத்திநாலுன்னு சொன்னேன்மா. போன திட்டாத, என்னைய திட்டு. சொல்லிட்டு செவுத்த பாத்துகினு நின்னேன்.

அம்மா அந்த எழுத்த வெரலால தொட்டு பாத்துச்சு. ரொம்ப நேரம். அப்புறம், "நீ தைக்கிற ஜாக்கெட்டு எல்லாம் எனக்கு லூசு தாண்டி. தோள்ல எறங்கும், பின்னு குத்திக்குவேன். நீ ஆசையா தைக்கிற, இன்னாத்துக்கு சொல்லணும்னு உட்டுட்டேன். மொத ஜாக்கெட்டுலயே சொல்லி இருக்கணும்"னு சொல்லிட்டு அழுதுச்சு. எட்டு மாசத்துல அன்னிக்கு தான் நானும் அழுதேன்.

அப்புறம் மூக்க தொடச்சிகினு, "மாட்டு"ன்னுச்சு. புதுச மாட்டுனேன், ஸ்ட்ராப்ப டைட் பண்ணேன். அம்மா பின்னாடி வந்து நின்னு, ரெண்டு கையாலயும் புடிச்சி மேல இழுத்துச்சு. முன்னாடி உருட்டுச்சு. பக்கத்துல திருப்புச்சு. நான் "கழுத்து போவுதும்மா"ன்னு கத்துற வரைக்கும் விடல. வரல. சாவிய ஆணியில இருந்து எடுத்து என் கையில வெச்சிட்டு, எங்கயும் நிக்காம உள்ள போயிடுச்சு.

இப்ப ஓட்டுறேன். பன்னெண்டு நாளாச்சு, கன்னம் இப்ப அவ்ளோ கடிக்கல. அந்த வளைவுல மெதுவா போறேன். யாருக்கு அளவு எடுத்தாலும் இப்பல்லாம், "டைட்டா, லூசா, நெசமா சொல்லுங்க"ன்னு ரெண்டு தடவ கேக்கறேன்.

அண்ணா, நீ கோவப்பட மாட்ட, தெரியும். ஆனா கோவப்பட்டாலும் பரவால்ல.

இத படிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுதலு. நீங்க கும்புடுறது எந்த சாமியா இருந்தாலும் சரி, கோயிலோ, தர்காவோ, சர்ச்சோ, அங்க போவும்போது எங்க அண்ணனையும் நெனச்சிக்கங்க. அதுக்கு தலை ரொம்ப வேர்க்கும். அது இருக்கற எடத்துல காத்து நல்லா வரணும்னு வேண்டிக்கங்க. எல்லாரும்.