ஆடியில் குடிபோனவன்

ஊரில் உள்ள மற்றவர்களுக்கெல்லாம் மூளை பதினோரு மாதம் வேலை செய்துவிட்டு ஆடி மாதம் மட்டும் லீவு எடுத்துக்கொள்கிறது என்று நான் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தா. கிழக்குத் தாம்பரத்தில் நாற்பது ரூபாய் வாடகையில் ஒரு போர்ஷன். கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

ஒரு ஆனி மாதக் கடைசியில், ஆபீஸில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஆடி பொறக்கறதுக்குள்ள வீடு அமையலைன்னா ஆவணி வரைக்கும் இந்த ஒழுகற வீட்லதான் கிடக்கணும் சார். ஆடியில குடி போகக் கூடாதே."

"அப்ப ஆடியில காலியா இருக்கிற வீடெல்லாம்?"

"சும்மாப் பூட்டிக் கிடக்கும். யார் வருவா?"

நான் வருவேனே! நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், கிறிஸ்துமஸுக்குத் துணி எடுப்போம். ஆடியோடு எங்களுக்கு எந்தச் சண்டையும் கிடையாது. ஒரு மாத வாடகை வீணாகிறதே என்று வயிறு எரிந்துகொண்டிருக்கும் வீட்டுக்காரனிடம் போய் நின்றால் ஐந்து ரூபாய் குறைக்காமலா போய்விடுவான்? அன்று மாலை ரயிலில் தாம்பரம் வரும்வரை எனக்குள் நானே சிரித்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் என் மனைவி சிரிக்கவில்லை. அவள் கொல்லைப்பக்கம் கை காட்டினாள். சர்ச் காம்பவுண்டிலிருந்து கேட்டு வாங்கி வந்த முருங்கைக் கிளையைக் கிணற்றடியில் நட்டிருந்தாள். அது அவள் உயரத்துக்குமேல் வளர்ந்து, அந்த வருடம் பூத்து, பூவெல்லாம் உதிர்ந்திருந்தது.

"முதல் வருஷம் அப்படித்தாங்க கொட்டிடும். அடுத்த வருஷம் காய்க்கும். என் கையால நட்ட மரத்துல ஒரு காயாவது பறிக்கணும். அது வரைக்கும் இருக்கலாங்க."

"ஒரு முருங்கைக்காய்க்காக மாசம் அஞ்சு ரூபாயா?" என்று கேட்டேன். மறுநாள் அவள் மரத்திலிருந்து ஒரு கிளையை வெட்டி, அடியில் சாணியை அப்பி, சாக்கில் சுற்றி வைத்தாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

ஆடி மூன்றாம் தேதி குரோம்பேட்டைக்குக் குடிபோனோம். வண்டிக்காரரும் அந்த மாதம் சும்மா இருந்ததால் பாதிக் கூலிக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா சார், ஆடில போய் வூடு மாத்திகினு கீறே? மாடே மூஞ்சத் திருப்பிக்கிது பாரு."

மாடு திருப்பியதோ இல்லையோ, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கியதில் என் மனைவி சீராகக் கொண்டுவந்த பீரோவின் கண்ணாடி உடைந்தது. அதை நான் வாடகைக் கணக்கில் சேர்க்கவில்லை. பீரோ வேறு, வாடகை வேறு.

புது வீட்டுக்காரர் முப்பத்தைந்துக்கு இறங்கியிருந்தார். "நீங்க வேதக்காரங்க, உங்களுக்கு ஆடி கீடியெல்லாம் இல்ல, சரி. ஆனா வீடு எங்க வீடு. பால் காய்ச்சறதை மட்டும் ஆவணிக்குத் தள்ளிப் போட்டுடுங்க" என்றார். புதுவீட்டில் முதன்முதலாகப் பால் பொங்கவிடும் சடங்கைச் சொல்கிறார் என்பது யாருக்கும் புரியும். எனக்கும் புரிந்தது. ஆனால் அதில் ஒரு மாதப் பால் செலவு மிச்சம் இருப்பதும் சேர்ந்தே புரிந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோம், மீறக் கூடாது என்று மனைவியிடம் சொல்லி, ஆடி முடியும்வரை கடுங்காப்பி குடித்தோம். அவள் பக்கத்துப் போர்ஷனில் தினமும் காப்பி குடித்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. மணிக்கணக்கில் ஸ்டவ் எரியும். கெரஸின் இரண்டு பங்கு செலவானது. கெரஸின் வேறு, வாடகை வேறு. அடுத்த ஆடியில் பல்லாவரம், முப்பத்து மூன்று. ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற இரண்டு நாள் லீவு போட்டு வரிசையில் நின்றேன். மாற்றிக் கிடைக்கும்வரை சர்க்கரையை வெளியில் வாங்கினோம். அதற்கடுத்த ஆடியில் கோவிலம்பாக்கம், முப்பது! அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வர சைக்கிள் வேண்டும். சைக்கிளுக்கு ஸ்டாண்டு வேண்டும். மழை வந்தால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். ஆபீஸில் மட்டும், "வாடகை முப்பது" என்று சத்தமாகச் சொல்வேன். கேட்டவர்கள் பொறாமைப்பட்டதாகவே ஞாபகம்.

எங்கே போனாலும் என் மனைவி முதல் வேலையாகக் கிளையை நடுவாள். குரோம்பேட்டையில் அது பூத்தது. பல்லாவரத்தில் பாறைமண், இருந்தும் பூத்தது. பூ உதிர்கிற சமயத்துக்குச் சரியாக ஆடி வந்துவிடும். அவள் மறுபடி ஒரு கிளையை வெட்டிச் சாக்கில் சுற்றுவாள். "காய்க்கும்ங்க" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். நான் அதையும் கவனிக்கவில்லை.

நான்காவது ஆடியில் கோவிலம்பாக்கத்து வீட்டுக்காரர் ஆவணி பிறந்ததும் தன் தம்பி குடும்பம் வருகிறது என்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். தரகர் நாலைந்து வீடுகள் சொன்னார். அவற்றில் ஒன்று கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் முதலில் இருந்த அதே போர்ஷன். எனக்குக் குஷி. தெரிந்த வீடு, தெரிந்த வீட்டுக்கார அம்மா, போதாததற்கு ஆடி மாதம். முப்பத்தைந்தில் முடித்துவிடலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்கார அம்மா உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் ஆடியை எடுத்து விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஆடிதான் சார், வாஸ்தவம். அதனால வாடகை பழையபடி நாப்பதே இருக்கட்டும். அதோட ஒரு அஞ்சு சேர்த்துக் குடுத்துடுங்க."

"எதுக்கும்மா அஞ்சு?"

"கொல்லையில முருங்கை மரம் இருக்கே! என்னமா காய்க்குது தெரியுமா? உங்களுக்குக் காய்கறிச் செலவே பாதி மிச்சம்."

கிணற்றடியில் அது கூரைக்கு மேல் நின்றது. பருவம் முடிந்தும் அங்கங்கே காய் தொங்கியது. நான் விடவில்லை. "அம்மா, அது இவ நட்ட மரம்" என்றேன்.

"நட்டுட்டுப் போயிட்டீங்க. மூணு வருஷமா தண்ணி ஊத்தினது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். மரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் போய், "இரு, ரெண்டு ரூபாயாவது குறைச்சுப் பார்க்கறேன்" என்றேன். அவள் திரும்பினாள். அழுதுகொண்டிருந்தாள். குரலில் மட்டும் அழுகை இல்லை.

"நாப்பத்தஞ்சு குடுத்துடுங்க. அடுத்த ஆடிக்கு உங்களுக்குப் போகணும்னா போங்க. நான் இங்கதான் இருப்பேன்."

கோவிலம்பாக்கத்து வீட்டில் சாக்கு இல்லை, கிளை இல்லை. காலி செய்யச் சொல்லியும் இந்தத் தடவை அவள் எதையும் வெட்டிச் சுற்றி வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி நட அவளுக்கு மனசு இல்லை. ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் நான் அவளை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே போய் நாற்பத்தைந்தை எண்ணி வைத்தேன். வாழ்க்கையில் நான் ஒரு பைசா குறைக்காமல் கொடுத்த முதல் பணம் அதுதான்.

அந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்தோம். ஆடிகள் வந்தன, போயின. சாம்பார் வைக்கும் நாட்களில் அவள் என் தட்டில் மட்டும் இரண்டு துண்டு கூடப் போடுவாள். போதும் என்று கையை நீட்டித் தடுத்தால் சிரித்துக்கொண்டே சொல்வாள்:

"சாப்பிடுங்க. வாடகை குடுக்கறோமில்ல."