தேசிங்கு குரல் கொடுத்த ஜப்பான் படம்

டேய் தேசிங்கு, நம்ம படத்த மறுபடி எட்த்துகீறாங்கடா!

சிங்கப்பூரில் எங்கள் டார்மிட்டரி ஹாலில் ஞாயிறு மதியம் படம் ஓடினால், படம் மட்டும்தான் பேசும். மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை. காசிமேட்டில் எங்கள் தெருவில் அந்தப் படம் பேசி நான் கேட்டதே கிடையாது. தேசிங்குதான் பேசுவான்.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் வெல்டிங் வேலைக்கு இங்கே வந்தவர்களுக்கும் சொல்கிறேன். தேசிங்கு என் தோஸ்து. துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவன். ஒருமுறை பழைய ஜப்பான் கார்ட்டூன் படம் ஒன்றின் விசிடி வாங்கி வந்தான். இரும்புக்கை போலீஸ், ரோபோப் பெண், ஓயாத மழை. பாஷை புரியாது. கீழே ஓடும் இங்கிலீஷை எங்களில் யாருக்கும் படிக்க வராது. டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோருக்கும் அவனே குரல் கொடுத்தான். ரோபோப் பெண் தன் தலையைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். “இன்னாம்மே, தலயக் கய்ட்டி வச்சிகினு கீற?” என்று போலீஸாகக் கேட்பான். உடனே அவளாக மூக்கால், “அத்த ஏன் கேக்கற நைனா, பேன் தொல்ல தாங்கல!” தெருவே உருண்டு சிரிக்கும். துரத்தல் காட்சியை மீன் ஏலமாகவே கூவுவான். எத்தனை தடவை போட்டாலும் அதே வசனம், ஒரு வார்த்தை மாறாது.

மஞ்சள் காமாலையில் போய்விட்டான். போனில்தான் கேட்டேன். மூலக்கொத்தளம் இடுகாட்டில் அவனைப் புதைத்தபோது நான் இங்கே ஒரு கப்பலின் வயிற்றுக்குள் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தேன். முகத்துக்கு போட்டோ இருக்கிறது. குரல்தான் எவ்வளவு யோசித்தாலும் காதில் வரவில்லை. அதுதான் என்னைத் தின்றது.

கிரேன் ஓட்டும் சீனர் ஆ ஹோங் அந்த ஜப்பான் படத்தையே புதுப்பித்து வந்த டிவிடியைக் கொண்டுவந்தார். ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தேன். பாதிக் காட்சிகளைக் கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்திருக்கிறார்கள். பழைய படத்தில் மழை எண்ணூர்ப் புகையில் நனைந்ததுபோல் கறுப்பாகக் கொட்டும். இதில் கண்ணாடி மணியாக விழுகிறது. இரும்புக்கையில் துருவே இல்லை. அழகுதான், ஆனால் எனக்குள் ஒரு வசனமும் வரவில்லை.

நல்லவேளை, மீதிக் காட்சிகளைக் கையால் வரைந்தபடியே விட்டிருந்தார்கள். மேசை வந்தது. அவள் தலையைக் கழற்றினாள்.

“பேன் தொல்ல தாங்கல!”

என் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அவன் குரல்! அதே மூக்கு, அதே இழுப்பு!

ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் சிரிக்கிறேன், கண்ணீர் கொட்டுகிறது. நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து ஆ ஹோங் என் தோளைப் பிடித்து, “ஸ்கேர்ட் ஆ? கார்ட்டூன் ஒன்லி லா,” என்றார். “யெஸ், யெஸ்,” என்று தலையாட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு வியாசர்பாடிக்காரன், “இன்னா மாமு, நிறுத்திட்ட? அந்தப் போலீசு இன்னா சொல்றான்? சொல்லு!” என்றான்.

சொன்னேன். படம் முடியும்வரை சொன்னேன். துரத்தலில் வஞ்சிரம் ஏலம் போனது. பங்களாதேஷ் பையன்கள் புரியாமலே கைதட்டினார்கள்.

உடம்பு மூலக்கொத்தளத்து மண்ணில் கிடக்கிறது. குரல் என் தொண்டையில் ஏறி தினமும் கப்பல் பட்டறைக்கு வருகிறது. நான் காசிமேட்டுக்காரனா, சிங்கப்பூர்க்காரனா என்று இப்போது அவனைத்தான் கேட்கவேண்டும். கோயிலோ, சர்ச்சோ, விகாரையோ, நீங்கள் எங்கே நின்றாலும் எங்கள் தேசிங்குக்காக வேண்டிக்கொள்ளுங்கள். சத்தமாகவே வேண்டிக்கொள்ளுங்கள், மெதுவாகப் பேசினால் அவனுக்குப் பிடிக்காது.